பதினோரு நாள் பழைய பறவை

மரியா எஸ்தெலா கப்பல்
புதன், 1 அக்டோபர் 1997

பாலோமா கப்பலின் அடுப்படி அரசி நார்சிசாவுக்கு,

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் மீன்சந்தை சோய்லா சொல்லிவிடுவாள். அவள் வாயில் விழுந்தால் அதற்குக் கொம்பும் வாலும் முளைத்துவிடும். போன வெள்ளிக்கிழமை தாகுஸ் குடாவில், ரப்பர் படகில் இருந்த பதினாறு பயணிகளுக்கும் நான் ஒரு பாறையைக் கடல்சிங்கம் என்று காட்டினேன். சும்மா காட்டவில்லை. என்ஜினை அணைத்து, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, இருபது நிமிடம் காட்டினேன். அதற்குத் தோன் ரமோன் என்று பெயரும் வைத்தேன்.

ஒரு ஜெர்மன் அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். வழிகாட்டி ஃபாபியான் மொழிபெயர்த்துச் சொன்னான்: "செகுந்தோ, அது மூச்சே விடலையேன்னு கேக்குறாங்க."

"வயசான ஆளும்மா. ஏழெட்டுப் பொண்டாட்டி. எப்பவாவதுதான் தூங்கக் கெடைக்கும், எழுப்பாதீங்க" என்றேன்.

எல்லோரும் படம் பிடித்தார்கள். பிறகு அலை இறங்கியது. தோன் ரமோன்மேல் சிப்பிகள் ஒட்டியிருந்தன.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி. கண்ணில் லேசாக ஒரு சதை, வேறு ஒன்றுமில்லை. மூக்கு ஓரத்திலிருந்து கிளம்பிக் கருவிழிமேல் ஏறியிருக்கிறது, இரண்டு கண்ணிலும். முப்பது வருடம் உப்பும் வெயிலும் பட்டால் யாருக்குத்தான் ஏறாது? காலையில் கொஞ்சம் மூட்டம், உச்சி வெயிலில் கொஞ்சம் பளபளப்பு. என் படகை நான் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன், உனக்குத் தெரியும். ஆனால் பயணிகள் படகுக்காக வருவதில்லையே, பறவைக்காக அல்லவா வருகிறார்கள்.

அதனால் விளையாட்டாக ஒன்று கேட்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் கட்டின புருஷன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று முதலாளியிடம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பாலோமாவுக்குப் போனாய். தேசியப் பூங்காக்காரர்கள் போட்ட தடத்தில் உன் கப்பலும் என் கப்பலும் வாரத்துக்கு ஒரு தடவை சுற்றுவது ஒரே வட்டம்தான், நான்கு நாள் முன்னே பின்னே. சனிக்கிழமை நீ புவெர்த்தோ அயோரா துறைமுகத்தில், புதன்கிழமை நான். ராட்டினத்துக் குதிரை இரண்டு மாதிரி என்றைக்கும் முட்டிக்கொள்ளப் போவதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் நான் போகிற இடமெல்லாம் நீ முதலில் போகிறாய். பின்தளத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போது எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உன் கண்ணில் படாமல் இருக்காது. நீர்க்காகம் இந்த வருடம் எந்தத் திட்டில் கூடு கட்டியிருக்கிறது? ஒரு வரி எழுதிச் சோய்லாவிடம் கொடு.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு எழுதியதற்கே கை வலிக்கிறது. நீ முடியை வெட்டிவிட்டாய் என்று சோய்லா சொல்கிறாள். எதற்கு? சூப்பில் விழுகிறதா?

இப்படிக்கு,
கண் நன்றாகத் தெரியும்
செகுந்தோ


பாலோமா
சனி, 4 அக்டோபர்

கிழவா,

உன் கடிதத்தை வாங்கும்போதே சோய்லா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை.

தாகுஸ் குடாவுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம், பழைய கப்பல்காரர்கள் பெயர் கிறுக்கி வைத்த பாறைக்குக் கீழே மூன்றாவது திட்டு. ரொட்டித் தட்டு மாதிரி தட்டையாக இருக்கும். அதில்தான் கூடு, முட்டை இரண்டு. ஒன்று அடைகாக்கிறது, இன்னொன்று பாசி கொண்டுவந்து கொடுக்கிறது. அந்தக் குட்டை இறக்கையை வைத்துக்கொண்டு பறக்கத் தெரியாவிட்டாலும் வேளைக்கு வீடு வந்து சேருகிறது. கொஞ்சம் உள்ளே போனால் குகைவாய், அதற்கு வலப்பக்கம் எச்சம் விழுந்து வெளுத்த பாறையில் பென்குயின் இரண்டு. ஃபெர்னாந்தினா தீவில் கடல் உடும்புகளை நீ தேட வேண்டாம், மிதிக்காமல் இருந்தால் போதும். அங்கே இறங்குதுறையில் கண்டல் மரத்தடியில் ஒரு கடல்சிங்கம் குட்டி போட்டிருக்கிறது. உயிருள்ளது.

இதெல்லாம் நான் திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை பார்த்தது. சனிக்கிழமை எழுதுகிறேன். புதன்கிழமை நீ வாங்குவாய், வெள்ளிக்கிழமை அங்கே போவாய். ஆக பதினோரு நாள் பழைய பறவை. மீனாக இருந்தால் கொட்டியிருப்பேன்.

எந்தக் கண் மோசம்?

நார்சிசா

முடியை வெட்டினால் உனக்கென்ன, வெட்டாவிட்டால் உனக்கென்ன?


மரியா எஸ்தெலா
புதன், 15 அக்டோபர்

ரொட்டித் தட்டுக்காரிக்கு,

நீ எழுதிய தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டேன். மூன்றாவது திட்டு வருவதற்கு முப்பது அடி முன்னாலேயே என்ஜின் வேகத்தைக் குறைத்தேன். ஒரு கையை நெற்றியில் வைத்தேன். கொஞ்சம் யோசித்தேன். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன். (இது முக்கியம். சட்டென்று காட்டினால் மதிப்பிருக்காது.) பிறகு மெதுவாக விரலை நீட்டினேன்.

"அந்தத் தட்டைப் பாறையில, ஒண்ணு உக்காந்திருக்கு, இன்னொண்ணு வாயில பாசியோட வருது."

படகு முழுக்க 'ஆ' என்றது. பென்குயினுக்கு இன்னொரு 'ஆ'. மரத்தடிக் குட்டிக்கு ஒரு அம்மாள் அழுதேவிட்டாள்.

ஃபாபியான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு வருடம் வழிகாட்டி, பறவைப் படிப்புப் படித்தவன். "நானே பாக்கலியே. எப்படிய்யா பாத்தே?" என்றான்.

"படிச்சவன் கண்ணால பாப்பான். நான் மூக்கால மோந்து பாக்குறவன்."

"அன்னிக்குப் பாறைய மோந்தியே, அப்ப மூக்குல சளியா?"

விடுவானா அவன்! ஆனாலும் கப்பலில் இப்போது என் பெயர் பருந்துக்கண்ணன். கேப்டன் மொரேய்ரா சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். இறங்கும்போது ஒரு வயதான அமெரிக்கத் தம்பதி தங்களுடைய தொலைநோக்கியை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். "எங்களைவிட இது உங்களுக்குத்தான் பயன்படும்" என்றார்களாம். நான் அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மூட்டம் பெரிதாகத் தெரிகிறது.

அதனால் அடுத்த தாளை அனுப்பு. இந்தத் தடவை ஆமையும் சேர்த்து எழுது, ஆமை கேட்கிறார்கள்.

வலது கண் மோசம். இடது கண்ணும் பின்னாலேயே வருகிறது, நல்ல தம்பி மாதிரி.

பருந்துக்கண்ணன்


பாலோமா
சனி, 18 அக்டோபர்

செகுந்தோ,

தாள் தனியாக வைத்திருக்கிறேன். ஆமைகள் வடமுனைச் செங்குத்துப் பாறைக்கடியில், பயணிகள் முகமூடி போட்டு நீந்துகிற அந்த அமைதியான தண்ணீரில். ஏழெட்டு. மற்றவை அதே இடத்தில்தான்.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் தேய்க்கக் கடல்நீர் மொண்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. அக்டோபரில் விரல் விறைக்க வேண்டும். மழைவேறு, காலமில்லாத காலத்தில். எங்கள் கேப்டன் வெப்பமானியைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். உடும்புகள் மெலிந்திருக்கின்றன. பச்சைப் பாசி செத்துப்போய் ஏதோ பழுப்பாக முளைத்திருக்கிறது, அதைத் தின்று வயிறு ஊதிக் கிடக்கின்றன.

இன்னொன்று. டிசம்பர் முதல் வாரம் குயாகுயிலிலிருந்து கண் டாக்டர்கள் இங்கே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, ஐந்து நாள்தான். சதையை எடுத்துவிடுகிறார்கள். எங்கள் மிஷின்காரர் போன வருடம் எடுத்துக்கொண்டார், இப்போது ஊசியில் நூல் கோர்க்கிறார். நவம்பர் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

உன் மாமா கதையை நீ எனக்குச் சொல்லாதே, நான்தான் அதை உன் அம்மா வாயால் நாற்பது தடவை கேட்டவள். அவர் கண்ணைச் சுரண்டியது டாக்டர் அல்ல, முடிதிருத்துகிறவன். சவரக்கத்தியால்.

பெயர் கொடு. நான் எழுதும் தாளை நம்பி எத்தனை நாள் படகு ஓட்டுவாய்?

நார்சிசா


மரியா எஸ்தெலா
புதன், 29 அக்டோபர்

நார்சிசா டாக்டருக்கு,

தாள் கிடைத்தது. ஆமை ஏழு, 'ஆ' பதினாறு. நன்றி.

கண் டாக்டர் விஷயம் யோசிக்கிறேன். என் கண் நல்ல கண், அதற்கு ஒரு குறையும் இல்லை. துறைமுகத்தில் வருடா வருடம் எழுத்து அட்டை காட்டுகிறார்களே, போன மார்ச்சில் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தேன். எனக்கு முன்னால் உள்ளே போன ஆளை வாசலிலேயே நிறுத்திக் கேட்டு வைத்துக்கொண்டேன். படிப்பில் நான் அப்படியொன்றும் மோசமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இங்கே உட்கார முடியவில்லை. கழுவின படகையே திரும்பக் கழுவுகிறேன். கட்டின கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறேன். "உனக்கு என்ன, கால்ல எறும்பா?" என்கிறார் கேப்டன். கடலும் அப்படித்தான் இருக்கிறது, படுக்கவும் மாட்டேன் நிற்கவும் மாட்டேன் என்று.

முட்டை பொரித்துவிட்டதா? அதை எழுது. டாக்டரை எழுதாதே.

செகுந்தோ


பாலோமா
சனி, 1 நவம்பர்

பொரித்துவிட்டது. அதே மூன்றாவது திட்டு, குஞ்சு ஒன்று. தாய் போய்விட்டது, தகப்பன்தான் ஊட்டுகிறது. பென்குயின் ஒன்றே ஒன்று, அதே வெள்ளைப் பாறை. வேறு சொல்ல ஒன்றுமில்லை. கடல் சூடாக இருக்கிறது.

பெயர் கொடுத்தாயா?

நார்சிசா


மரியா எஸ்தெலா
புதன், 12 நவம்பர்

நார்சிசாவுக்கு,

உன் ஆசை நிறைவேறியது. சந்தோஷமா?

வெள்ளிக்கிழமை மூன்றாவது திட்டு. வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன். வழக்கம்போல நெற்றியில் கை. "தாய்க்காரி ஓடிப்போயிட்டா. தகப்பன் பாருங்க, ஒத்தை ஆளா நின்னு குஞ்சுக்கு ஊட்டுறான்" என்று நீட்டினேன். உன்னை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன், மறைக்கவில்லை.

'ஆ' வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும். எனக்குப் புரியவில்லை. இன்னும் சரியாகக் காட்டுவோம் என்று, "இப்ப பாருங்க, வாயத் திறக்குது" என்றேன்.

அப்போதுதான் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். இந்த வேடிக்கைக்காரப் படகோட்டி நம்மை ஏமாற்றுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? ஃபாபியான் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பின்பக்கம் வந்து என் காதில் கேட்டான்: "செகுந்தோ, அந்தப் பாறைல என்ன இருந்துச்சு?"

"சும்மா தமாசுக்குடா."

"தமாசு இருக்கட்டும். என்ன இருந்துச்சு, சொல்லு."

நான் அலையைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெறும் பாறையைக் கூடு என்று எழுதி அனுப்பினாய். நான் பெயர் கொடுக்கவில்லை என்று கோபம், அதனால் பதினாறு பேர் முன்னால் என்னை நிறுத்திப் பார்க்க வேண்டும். பழி வாங்க வேண்டுமானால் நேராக வாங்கியிருக்கலாம். பறவையை ஏன் இழுத்தாய்?

செகுந்தோ


பாலோமா
சனி, 15 நவம்பர்

செகுந்தோ,

நான் எழுதும்போது குஞ்சு இருந்தது. தகப்பன் ஊட்டியதை என் கண்ணால் பார்த்தேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.

இந்தத் திங்கட்கிழமையும் பார்த்தேன். கூட்டில் காய்ந்த பாசி கிடக்கிறது. குஞ்சு செத்து, நண்டு தின்கிறது. தண்ணீர் சூடானால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். தகப்பன் எத்தனை நாள் வெறும் வாயோடு வந்து நிற்கும்? அது போய்விட்டது. நம் தீவுக் கரையெல்லாம் இப்போது அப்படித்தான். நீ ஒருவன்தான் கேள்விப்படவில்லை, ஏனென்றால் நீ கேட்கவில்லை.

பதினோரு நாளில் அது போனது எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஒன்றும் இல்லை என்பது உன் படகில் இருந்த பதினாறு பேருக்கும் தெரிந்தது. முந்தாநாள் விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்குத் தெரிந்தது. முப்பது வருடமாக அந்தக் குடாவில் இருக்கிற உனக்குத் தெரியவில்லை.

நான் பொய் எழுதினேன் என்று நினைப்பது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இனித் தாள் கிடையாது. நான் எழுதியது உதவி என்று நினைத்தேன். உன் கண்ணைக் கட்டிவிடுகிற துணியைத்தான் ஒவ்வொரு தடவையும் மடித்து அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு நீ கதை எழுத வேண்டாம். பயமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் ஒன்றும் எழுதாதே.

நார்சிசா

சோய்லா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அவனிடம் கொடுக்கும்போது வாயை மூடிக்கொண்டு கொடு.


மரியா எஸ்தெலா
புதன், 26 நவம்பர்

நார்சிசா,

போன சனிக்கிழமை வடமுனைப் பாறைக்கடியில் பயணிகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஃபாபியானும் தண்ணீரில் இருந்தான். நீந்தத் தெரியாத நான்கு பேர் என் படகில். ஆமை கேட்டார்கள். உன் தாள் இல்லை. பழைய தாளில் ஆமை இருந்த இடம் ஞாபகம் இருந்தது, அங்கே போனேன்.

பழுப்பாக, வட்டமாக ஒன்று தண்ணீர்மட்டத்தில் ஏறி இறங்கியது. "ஆமை, பெரிய ஆமை" என்று படகைத் திருப்பினேன். அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று கிட்டே போனேன்.

ஃபாபியான் கத்தினான். "செகுந்தோ! நிறுத்து! ஆளுய்யா, அது ஆளு!"

அவசரத்துக்கு இருக்கிற கயிற்றைப் பிடுங்கி என்ஜினை அணைத்தேன். படகு தன்பாட்டில் கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நின்றது. எவ்வளவு இடைவெளி என்றால், நான் குனிந்து கையை நீட்டினால் அந்தத் தலை கையில் படும். கீட்டோவில் பள்ளிக்கூடத்து ஆசிரியை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பழுப்புத் தொப்பி போட்டிருந்தாள், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கீழே மீன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தலையைத் தூக்கினாள். முகமூடியைக் கழற்றினாள்.

"எனக்காகவா வந்தீங்க? கால் வலிக்க ஆரம்பிச்சிருச்சு, சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்து ஏறினாள். எனக்கு நன்றி சொன்னாள், நார்சிசா. இரண்டு தடவை சொன்னாள்.

கப்பலுக்கு வந்ததும் என்ஜின் கயிற்றை ஃபாபியான் கையில் கொடுத்துவிட்டேன். கேப்டனிடம் நானே போனேன். அட்டையை மனப்பாடம் செய்ததுவரை எல்லாம் சொன்னேன். அவர், "கண்ணுச் சதைய எடுத்துட்டு வா, படகு உனக்கு இருக்கும். எடுக்காம வந்தா எங்கிட்ட வராத" என்றார்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டேன். டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை, வலது கண். இடது கண் அடுத்த வருடம்.

பயமாக இருக்கிறது.

நீ பொய் எழுதினாய் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள். வேடிக்கையாக எழுத ஒன்றும் வரவில்லை.

செகுந்தோ


பாலோமா
சனி, 29 நவம்பர்

செகுந்தோ,

சோய்லா இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டுவாள். அழாமல் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் படிக்கிற வேகத்துக்கு, முடிப்பதற்குள் உன் கண்கட்டையே அவிழ்த்துவிடுவார்கள்.

நான் ஏன் போனேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். என் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஆறு பேரும் கல்லறை மேட்டில் ஏறினீர்களே, பாதி வழியில் நீ என்னவோ சொன்னாய். கிழவர் உயிரோடு இருந்தபோது வேலைக்கு இறங்கியதே இல்லை, இப்போது ஏறவும் மாட்டேன் என்கிறார் என்று. தூக்கினவர்கள் சிரித்தார்கள். பெட்டி குலுங்கியது. பின்னால் வந்த நானும் சிரித்துவிட்டேன்.

நீ சொன்னதை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். நான் சிரித்ததை மன்னிக்க முடியவில்லை. உன் பக்கத்தில் இருந்தால் எனக்கு அழவே வாய்க்காது என்று தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை உன் கண்ணில் கட்டு இருக்கும். அதற்கு அடுத்த சனிக்கிழமை, 13ஆம் தேதி, பாலோமா பத்து மணிக்கு நங்கூரம் போடும். மீன்சந்தைக்கு எதிரே இருக்கிற பெஞ்சுக்கு வருகிறேன். எனக்கு ஒரு மணி நேரம்தான் விடுவார்கள், காய்கறி வேறு வாங்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் நீ ஒரு வேடிக்கையும் பேசக் கூடாது. பேசினால் வந்த படகிலேயே திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு என்ன என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணைத் தேய்க்காதே.

நார்சிசா


மீன்சந்தை பெஞ்ச், புவெர்த்தோ அயோரா
சனி, 13 டிசம்பர், காலை ஒன்பதரை

நார்சிசா,

உன் கடிதம் வேகமாகத்தான் படிக்கப்பட்டது. சோய்லா அழுதாள், பக்கத்துக் கட்டில்காரரும் அழுதார். நான் அழக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நேரில் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துக்கொண்டாலும் அடைத்துக்கொள்ளும். இல்லை, வாய் தன்பாட்டில் எதையாவது பேசிவிடும், அதுதான் பெரிய பயம். அதனால் எழுதி வைத்துக்கொள்கிறேன். பேச வராவிட்டால் தாளை நீட்டுவேன், படித்துக்கொள்.

கண்ணில் கத்தி வைத்தபோது வலிக்கவில்லை. சதையை மேலே இழுத்து அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருடம் நான் மாமாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் சாக்கு. மாமாவுக்காக நான் பயப்படவில்லை. படகு போய்விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் போலச் சமைக்கத் தெரியாது, ஃபாபியானைப் போலப் படிப்பில்லை. ஒரு படகும் ஒரு வாயும்தான். படகைப் பிடுங்கினால் வெறும் வாய்.

உன் அப்பா பெட்டியைத் தூக்கினபோதும் பயம்தான். நீ எனக்குப் பின்னால் வருகிறாய், உன் மூச்சு மாறுவது கேட்கிறது, இன்னும் நான்கு அடியில் நீ உடைந்து அழுவாய். நீ அழுதால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. இரண்டு கையிலும் பெட்டி. அதனால் வாயைத் திறந்தேன். நீ சிரித்ததும், தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆறு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அழுகையை நான் எடுத்துக்கொண்டேன் என்று இப்போதுதான் தெரிகிறது. அழ வேண்டுமானால் இன்றைக்கு அழு. நான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். இன்று என் கையில் ஒன்றும் இல்லை.

எழுந்து நடந்து நடந்து வந்து உட்கார்கிறேன். ஒரு மணி நேரமாக இப்படித்தான். சோய்லா மீன் வெட்டிக்கொண்டே, "ஏம்ப்பா, கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இவ்ளோ துள்ளலையே. உக்காரேன், என் பெலிக்கன் பறவையெல்லாம் மெரளுது" என்கிறாள். அதற்கு ஒரு நல்ல பதில் இருந்தது. சொல்லவில்லை. ஐந்து நிமிடத்துக்கு இப்போதிருந்தே பழகிக்கொள்கிறேன்.

பாலோமா வந்துவிட்டது. நங்கூரச் சங்கிலி இறங்குவது கேட்கிறது. இடது கண்ணில் அதே மூட்டம்தான். அதைக் கையால் மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறேன். கப்பலின் பெயர் தெரிகிறது. எழுத்தெழுத்தாக. யாரையும் கேட்டு மனப்பாடம் செய்யவில்லை.

ரப்பர் படகு இறங்குகிறது. ஐந்து பேர். முன்னால் கூடையோடு நிற்பது நீ. நீலச் சட்டை. முடியை நீ வெட்டவே இல்லை, பின்னி முன்னால் போட்டிருக்கிறாய். சோய்லா பொய் சொல்லியிருக்கிறாள். கேட்டால், "வேற எதச் சொன்னா நீ கடுதாசி எழுதியிருப்ப?" என்கிறாள்.

இன்னும் ஒரு விஷயம். இது வேடிக்கை இல்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்கு இடம் பிடித்து வைக்கலாம் என்று பெஞ்சில் என் பக்கத்தில் தொப்பியை வைத்துவிட்டு, உன் படகைப் பார்ப்பதற்காகக் கரை ஓரம்வரை போய்வந்தேன். அதற்குள் ஒரு கடல்சிங்கம் ஏறிப் படுத்துக்கொண்டது. பெஞ்ச் முழுவதும். மூச்சு விடுகிறது, கிட்டே போய்ப் பார்த்துவிட்டேன். தொப்பி அதன் அடியில் இருக்கிறது. நாம் நிற்க வேண்டியிருக்கும்.

செகுந்தோ